நின்ற வண்டியின் எண்ணெய்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். வைத்தவன் கெமிஸ்ட். வண்டிகளில் ஓடிக் களைத்த இன்ஜின் எண்ணெயைச் சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்துப் பல ஊர்க்காரர்களும் அனுப்புவார்கள். கெமிஸ்ட் அதைச் சூடாக்கி, எரித்து, அளந்து, எண்களாக்கி அவள் மேசைக்குத் தள்ளிவிடுவான். அவள் அந்த எண்களைப் பார்த்து வண்டிக்காரருக்குப் பலன் எழுத வேண்டும். இரும்பு கூடியிருந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது. சிலிக்கான் கூடியிருந்தால் காற்று வடிகட்டியை ஏமாற்றிவிட்டுத் தூசி உள்ளே போகிறது. சோடியம் தலைகாட்டினால் குளிர்விக்கும் தண்ணீர் கசிந்து எண்ணெயோடு கலக்கிறது. பதினொரு வருடமாக இதே வேலை. வண்டியைக் கண்ணால் பார்க்காமலேயே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"இந்த ஜாதகம் எப்படி? ஆயுள் கெட்டியா?" என்று கேட்டபடிதான் ஒவ்வொரு தாளையும் வைப்பான் கெமிஸ்ட்.

"பரிகாரம் பண்ணா பொழைக்கும். ஃபில்டரை மாத்தச் சொல்லு."

அங்கே ஒரு கண்டிப்பான ஏற்பாடு உண்டு. பாட்டில் யாருடையது என்பது, பலன் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை எழுதுபவருக்குத் தெரியக் கூடாது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தன் மச்சானுடைய லாரிக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதப் போய், அந்த லாரி மலைப்பாதையில் இன்ஜின் இறுகி நின்றுபோனது. அன்றிலிருந்து வண்டியின் வகை, எண்ணெய் மாற்றிய காலம், அதற்குப் பிறகு ஓடிய தூரம், இவ்வளவுதான் முதலில் திரையில் வரும். கையெழுத்துக்குப் பிறகே பெயரும் பழைய அறிக்கைகளும் திறக்கும். அவளுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். முகம் தெரியாதவரிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பதினொரு வருடத்தில் ஒரு பலனைக்கூட அவள் பூசி மெழுகியதில்லை.

அன்று காலையும் அவள் தாமதம். எட்டரைக்கு வர வேண்டியவள் பத்துக்கு வந்தாள். கொஞ்ச மாதங்களாகவே இப்படித்தான். யாரும் எதுவும் கேட்பதில்லை. புருஷனைப் பறிகொடுத்து எட்டு மாதம்தானே ஆகிறது என்று விட்டுவிட்டார்கள். தலை விண்விண்ணென்று தெறித்தது. நெற்றியை ஒரு கையால் அழுத்திக்கொண்டே திரையைத் திறந்தாள்.

பாட்டில் எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. பெட்ரோல் பிக்கப். எண்ணெய் மாற்றி எட்டு மாதம். ஓடிய தூரம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர்.

'புது எண்ணெய்தான், இதில் என்ன இருக்கப் போகிறது' என்று நினைத்தவள் எண்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இரும்பு எழுபத்தொன்று. பத்து லட்சம் பங்கு எண்ணெயில் எழுபத்தொரு பங்கு இரும்பு. முந்நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு ஐந்தோ ஆறோ இருந்தால் அதிகம். எண்ணெய் இளகித் தண்ணீராகக் கிடந்தது. ஏனென்றால் அதில் நூற்றுக்கு ஆறு பங்கு பெட்ரோல் கலந்திருந்தது. கொஞ்சம் ஈரமும் இருந்தது. சோடியம் இல்லை, ஆகவே அது கசிந்த தண்ணீர் இல்லை. இன்ஜின் சரியாகச் சூடேறாமல் உள்ளேயே வியர்த்த ஈரம். சிலிக்கான் வெறும் ஆறு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஆறைப் பார்த்தாள். தேய்மானம் இருக்கிறது, தூசி இல்லை. சாலையில் போகிற வண்டி தூசி தின்னாமல் தேயாது. பெட்ரோல் பீய்ச்சும் குழாய் ஒழுகினாலும் எண்ணெயில் பெட்ரோல் சேரும்தான். ஆனால் ஒழுகுவதற்கும் இன்ஜின் ஓட வேண்டுமே. அப்படியானால் இந்த வண்டி ஓடியிருக்கிறது, ஆனால் எங்கேயும் போகவில்லை. வெளித்தூசி எட்டாத மூடிய இடத்தில், நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். முந்நூறு மணி நேரத்துக்குக் குறையாது. எட்டு மாதத்துக்குப் பங்கு போட்டால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேலே.

யாரோ பாவம், மூளை குழம்பிய ஆள் என்று நினைத்தாள். பிறகு மளமளவென்று எழுதினாள்: 'இந்த இன்ஜினில் பழுது இல்லை. வண்டியை ஓட்டாமல், நான்கு சுவருக்குள் நிறுத்தி, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இயக்கி வருகிறீர்கள். எண்ணெயை மாற்றுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் புகை உங்களைக் கொன்றுவிடும். இதைச் செய்பவர் யாரானாலும் உடனே தடுத்து நிறுத்துங்கள்.'

கையெழுத்துப் போட்டாள். பெயர் திறந்தது. அவள் கணவருடைய பெயர்.

கீழே பழைய அறிக்கைகள் வரிசையாக வந்து நின்றன. சிலிக்கான் இருபத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தாறு. அவர் டைல்ஸ் பதிக்கிறவர். சிமென்ட்டும் டைல் தூளும் மண்டிய இடங்களுக்கே வண்டியை விடுவார். "உங்க எண்ணெயில ஒரு மூட்டை சிமென்ட் இருக்குங்க" என்று அவள் கேலி செய்த வருடங்கள் அவை. அந்த வரிசையின் கடைசியில் இன்றைய ஆறு தனியாக நின்றது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளே இன்ஜினில் எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோல் குழாய் வழியாகப் பம்பு போட்டு உறிஞ்சி, பாட்டிலில் அடைத்து, கெமிஸ்டிடம் கொடுத்திருக்கிறாள். ஊழியர்களின் வண்டிக்கு அரை வருடத்துக்கு ஒரு தடவை இலவசம். தேதி வந்தது, கொடுத்தாள். பெட்ரோல் பிக்கப் என்றும் எட்டு மாதம் என்றும் திரையில் பார்த்தபோதுகூடப் பொறி தட்டவில்லை. இப்போதெல்லாம் பல விஷயங்கள் அவளுக்குத் தட்டுவதில்லை.

"பாட்டில் மாறிப்போச்சு" என்று கெமிஸ்டின் அறைக்கே போய்ச் சொன்னாள்.

"மாறல மேடம். எனக்கும் சந்தேகம்தான். மிச்சம் இருந்ததை எடுத்து ரெண்டாவது தடவையும் டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். அதே நம்பர்." அவன் வழக்கமான சிரிப்பைக் காணோம். "சார் வண்டி ஷெட்ல சும்மாதானே நிக்குது?"

"சும்மாதான் நிக்குது. பேட்டரி இறங்கிடக் கூடாதுன்னு காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன்."

"இது அஞ்சு நிமிஷ எண்ணெய் இல்ல மேடம்."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே பலன் எழுதினேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கெமிஸ்ட் எழுந்து போனான். பிறகு எண்ணெய் காய்ச்சும் அறையின் சுவரிலிருந்து தீப்பெட்டி அளவுள்ள மஞ்சள் கருவியைக் கழற்றிக்கொண்டு வந்தான். விஷப்புகை மிஞ்சினால் கத்துகிற அலாரம். "இதைக் கொண்டுபோய் ஷெட்ல மாட்டுங்க. கத்துச்சுன்னா யோசிக்காம வெளியே வந்துடுங்க. உங்களுக்குத் தலைவலி எப்பலேர்ந்து?"

"எனக்கென்ன தலைவலி?"

"உள்ள வந்ததுலேர்ந்து நெத்தியை அமுக்கிட்டே நிக்கிறீங்க" என்றான்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் நினைத்ததெல்லாம் ஒன்றைத்தான். யார்? வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவளும் நாத்தனாரும். நாத்தனார் அவள் கணவரின் தங்கை. வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறவள். ஷெட்டை ஒட்டிய அறைதான் அவள் தையலறை, படுப்பதும் அங்கேதான். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளைத் தவிர வேறு யார்?

ஆனால் அந்த நினைப்புக்குக் கீழே இன்னொரு நினைப்பு கிடந்து உறுத்தியது. பெட்ரோல் முள். ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு குடித்துவிடப் போகிறது என்று அவள் அந்த முள்ளைக் கவனித்ததே இல்லை. கவனித்தபோதெல்லாம் அது பாதிக்கு மேலேதான் நின்றது. எட்டு மாதமாக ஒரு முள் இறங்காமல் நிற்குமா?

அதற்கும் கீழே, யாரிடமும் மூச்சு விடாத விஷயம் ஒன்று இருந்தது.

அவர் இறந்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். வேலை செய்துகொண்டிருந்த வீட்டில், களைப்பாக இருக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வண்டியை யாரோ ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். மறு வாரம் அவள் பேட்டரிக்காக ஷட்டரைத் தூக்கி உள்ளே போனாள். மழைச் சாரல் அடித்ததால் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் சாவியைத் திருகினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து இருக்கை லேசாக அமுங்கியது. ஈர சிமென்ட் வாடை வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவார் என்று எப்படியோ தெரிந்தது.

"இன்னும் காயல. காலை வைக்காதே" என்றார் அவர்.

வாழ்நாளில் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். பதித்த தரை இறுகும்வரை வாசலில் நின்று வீட்டுக்காரர்களை விரட்டுவதே அவருக்குப் பாதி வேலை. இவர்கள் வீட்டுச் சமையலறைக்கும் அவர்தான் தரை போட்டார். சொல்லச் சொல்லக் கேட்காமல் அவள் அடுப்படிக்குப் போக, ஒரு டைல் நூலிழை இறங்கிவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று பத்து வருடம் சொன்னார். இன்னமும் அந்த ஒன்று பள்ளம்தான்.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். ஷட்டரைத் திறந்துவைத்த நாளில் மட்டும் வரவில்லை. அவள் பேசுவாள், அவர் கேட்டுக்கொள்வார், எப்போதாவது அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்வார். ஐந்து நிமிடம். அதன் பிறகு வெளியே வருவாள். டீ ஆறிப்போயிருக்கும், எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப நேரம் இருக்காது. துக்கத்தில் காலை நேரம் எங்கேயோ ஓடிவிடுகிறது என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறத்தியார் இன்ஜினுக்கு மணிக்கணக்கு சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் காலையைக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன அண்ணி, இன்னிக்கு எந்தக் காரைக் காவு கொடுத்துட்டு வந்தீங்க?" என்றாள். நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். "வண்டியை யார் ஓட விடறது?"

"எந்த வண்டியை?"

"எனக்குத் தெரியும். நான் வேலைக்குப் போனதும் ஷெட்ல போய் இன்ஜினைப் போட்டுட்டு உக்காந்திருக்கே. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். எண்ணெய்ல எல்லாம் தெரிஞ்சுபோச்சு. எங்கிட்ட மறைக்காதே."

நாத்தனார் நூலையும் ஊசியையும் மிஷின் மேல் வைத்தாள். அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை, பயம்தான் தெரிந்தது.

"அண்ணி, நான் அந்தச் சாவியைத் தொட்டதே இல்ல. நீங்கதான் உக்காந்திருக்கீங்க."

"நான் அஞ்சு நிமிஷம்..."

"ஆறு மணிக்குப் போவீங்க. ஏழரைக்கு வருவீங்க. முதல்ல ஒரு மாசம் அரைமணி நேரம். அப்புறம் கூடிக்கிட்டே போச்சு. எட்டு மணிக்கு வந்த நாளும் உண்டு. வந்து அந்த ஆறின டீயைக் குடிப்பீங்க. 'நேரமாயிடுச்சா?'ன்னு தினம் ஒரே மாதிரி கேப்பீங்க."

அவள் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டாள். அவளே எழுதிய பலன் கண் முன்னால் வந்தது. இதைச் செய்பவர் யாரானாலும் உடனே தடுத்து நிறுத்துங்கள்.

"நீ ஏன் என்னைக் கூப்பிடல?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெட்ரோல் எப்படித் தீராம இருக்கு?" என்று கேட்டபோது பதில் அவளுக்கே தெரிந்துவிட்டிருந்தது.

"நான்தான் வாரா வாரம் கேன்ல வாங்கிட்டு வந்து ஊத்தறேன்" என்றாள் நாத்தனார். "திட்டாதீங்க அண்ணி. வண்டி நின்னுடுச்சுன்னா நீங்க வெளியே வந்துடுவீங்க. நீங்க வந்துட்டா அண்ணன் பேச மாட்டான்."



"அண்ணன் பேசறது உனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்குதே. ரெண்டு பேர் குரலும் கேக்குது." நாத்தனார் எழுந்து சுவரின் மேல்பக்கம் கையைக் காட்டினாள். ஷெட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே காற்று போக ஒரு சதுரத் துவாரம் உண்டு. அதைப் பலகை வைத்து அவர் என்றோ அடைத்திருந்தார். இப்போது பலகை இல்லை. நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. "சரியா கேக்கலன்னு நான்தான் பலகையைப் பிடுங்கினேன். ஸ்டூல் மேல ஏறி நின்னா நல்லா கேக்கும்."

"என்ன சொல்றார்?"

"எப்பவும் ஒண்ணுதானே சொல்வான். 'இன்னும் காயல, காலை வைக்காதே.'"

 இந்த வாக்கியத்தைப் பற்றி அவள் ஒருத்தரிடமும் வாய் திறந்ததில்லை. திறக்கவும் வேண்டியதில்லை, சொல்லாமலே இவளுக்கும் அது தோன்றும் என்று படித்த புத்தி சொன்னது. அவர் சொல்லக்கூடியது என்று யார் யோசித்தாலும் அதுதான் முதலில் வரும். விஷப்புகை மூளையைப் பிடித்தால் இல்லாத குரல் கேட்கும். இரண்டு பேருக்கும் ஒரே புகை, ஒரே அண்ணன், ஒரே புருஷன். எல்லாம் சரிதான். ஆனாலும் கை மயிர் சிலிர்த்தது சிலிர்த்ததுதான்.

நாத்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். புகை எப்படி வாடையே இல்லாமல் ரத்தத்தில் ஏறும், தலைவலியும் மறதியும் எதனால், ஊசியில் நூல் கோக்க முடியாமல் போவது எதனால் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப அண்ணன் வர்றதே இல்லையா?"

"இல்ல."

"உங்களுக்கு அது நிச்சயமா?"

அவள் பலகையைத் தேடி எடுத்தாள். ஆணி அகப்படவில்லை. நாளைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று துவாரத்தில் சும்மா சாத்தி வைத்தாள். "இனிமே முன்னறையில படு. இந்தப் பக்கமே வராதே. நானும் ஷெட்டுக்குப் போக மாட்டேன்."

"போக மாட்டீங்கல்ல?"

"போக மாட்டேன்."

இரண்டு பேருமே பொய்தான் சொன்னார்கள்.

விடிந்து ஆறு மணிக்கு அவள் ஷெட்டில் இருந்தாள். அவளைத் திட்டுவதென்றால் திட்டலாம். எழுபத்தொன்றும் ஆறும் தெரிந்தவள், கையில் அலாரத்தை வைத்திருந்தவள், தெரிந்தேதான் போனாள். மனசு கேட்கவில்லை. எட்டு மாதம் பேசிய ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் எப்படி நிறுத்துவது? ஒரே ஒரு தடவை, அளந்து ஐந்து நிமிடம் என்று போனில் மணி வைத்தாள். அலாரத்தைக் கண்ணாடியில் தொங்கவிட்டாள். ஷட்டரைத் திறந்துவைத்தால் அவர் வரமாட்டாரே என்று ஒரு நிமிடம் நின்றாள். பிறகு இறக்கிவிட்டாள்.

சாவியைத் திருகினாள். இன்ஜின் இரண்டு உறுமலில் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, இன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

இருக்கை அமுங்கியது. சிமென்ட் வாடை வந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். இனிமேல் வர முடியாது, புகை ஆகாதாம், உங்கள் தங்கச்சிக்கும் ஆகவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் 'உம்' கொட்டினார். எங்கேயோ டைல் வெட்டும் மிஷின் ஓட ஆரம்பித்தது. கீச்சென்று காதைத் துளைக்கிற சத்தம். கொஞ்சம் ஓய்வதும் மறுபடி கத்துவதுமாக இருந்தது.

"அந்த ஓரம் மட்டும் வெட்டிடறேன், இரு" என்றார். இதை அவர் இதற்கு முன் சொன்னதில்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"நான் இறங்கணுங்க."

"இன்னும் காயல. காலை வைக்காதே."

அவள் குனிந்து பார்த்தாள். ஷெட் தரை பூராவும் சாம்பல் நிறத்தில் ஈரக் கலவை பரவிக் கிடந்தது, கொத்தனார் கரணை தடவிய வரிகளோடு, சக்கரம்வரைக்கும். இதில் எப்படி இறங்குவது? இறங்கினால் எல்லாம் பாழாகிவிடும், மறுபடியும் ஒரு டைல் பள்ளமாகும், அவர் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார். காயட்டும் என்று காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டாள். தூக்கம் தூக்கமாக வந்தது. மிஷின் கத்திக்கொண்டே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தொம்மென்று ஏதோ விழுந்தது. கூடவே கத்தரிக்கோல் ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம்.

அந்த அறையில் யாரும் இல்லையே என்று மெதுவாக நினைத்தாள். முன்னறையில் படுக்கச் சொன்னோமே. போக மாட்டேன் என்று நாமும்தானே சொன்னோம் என்ற நினைப்பு அதைத் தொடர்ந்து வந்தது. பலகைக்கு ஆணி அடிக்கவில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளும் கடைசியாக ஒரு தடவை என்றுதான் வந்திருப்பாள்.

கதவைத் தள்ளினாள்.

"காலை வைக்காதே" என்றார் அவர். குரல் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. "காயல. சொன்னாக் கேளு."

இவ்வளவு ஆசையாக எட்டு மாதத்தில் அவர் ஒரு தடவையும் பேசியதில்லை. அவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே ஈரத்தின் மேல் காலை வைத்தாள்.

கால் புதையவில்லை. தரை கல்லாகவும் சில்லென்றும் இருந்தது. கையை நீட்டிச் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தாள். நிற்க முடியவில்லை. முழங்காலில் தவழ்ந்து போய் ஷட்டரை நெம்பினாள். வெளிச்சமும் தூறலும் முகத்தில் அடித்தன. மிஷின் சத்தம் நிற்கவே இல்லை. அது கண்ணாடியில் தொங்கிய அலாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதோடு சேர்ந்து போனும் அடித்துக்கொண்டிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு தையலறைக்குப் போனபோது நாத்தனார் துவாரத்துக்கு நேர் கீழே கிடந்தாள். ஸ்டூல் கவிழ்ந்திருந்தது. பலகை ஓரமாகச் சாய்ந்திருந்தது. எப்போதும் திறந்தே இருக்கும் ஜன்னலை, அண்ணி ஷெட்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிடக் கூடாதென்று சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருந்தாள். துவாரம் வழியாக வந்த புகையை வெளியே விட்டு எட்டு மாதமாக இரண்டு பேரையும் காப்பாற்றியது அந்த ஜன்னல்தான். அவள் ஜன்னலை அடித்துத் திறந்தாள். அக்குளில் கை கொடுத்து, சமையலறை வழியாக, அந்தப் பள்ளமான டைலைத் தாண்டி, முற்றத்து மழைக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். எங்கிருந்து பலம் வந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

போனுக்காகத் திரும்பவும் ஷெட்டுக்கு ஓடினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டி எடுத்தாள். மணி ஏழு பதினைந்து. ஐந்து நிமிடத்துக்கு வைத்த மணி ஒரு மணி நேரத்துக்கு மேலாக அடித்திருக்கிறது. பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். ரெக்ஸின் உறை நடுவில் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம்போல, மெல்ல மெல்ல உப்பி மேலே வந்துகொண்டிருந்தது. அவள் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

வருகிறோம் என்றார்கள். அவள் நாத்தனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்தாள். கன்னத்தைத் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், திட்டினாள், கெஞ்சினாள். ஒரு புருஷனைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போய் மிச்சமிருக்கிற ஒருத்தியையும் விடப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். தெருமுனையில் சைரன் கேட்டபோது நாத்தனார் ஒரு பக்கமாகத் திரும்பி வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"அண்ணி."

"பேசாதே. வண்டி வந்துடுச்சு. மூச்சை நல்லா இழு."

நாத்தனார் அவள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பார்வை ஷெட்டுப் பக்கமே போனது. "கடைசியில அண்ணன் ஏதோ சொன்னான். எனக்குக் கேக்கல. கீழே விழுந்துட்டேன். என்ன சொன்னான்?"

அவள் ஷெட்டைப் பார்த்தாள். தூக்கிய ஷட்டருக்குள் பிக்கப் சும்மா நின்றது. தரை காய்ந்து வெளிறியிருந்தது. உண்மையைச் சொன்னால் இவள் நாளைக்கே ஸ்டூல் போட்டு ஏறுவாள். தானும் சாவியைத் தேடப் போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் பொய்ப் பலன் சொன்னாள்.

"காஞ்சிடுச்சாம். இனிமே நடக்கலாமாம்."